ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிபையர் வாங்கலாமா?

கிட்டாருக்கான வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிபையர்களில் விலை குறைந்தவற்றைத் தேடுவோர் கண்ணில் விரைவிலேயே பட்டுவிடுவது புகேரா வி5 இன்ஃபினியம். கிட்டாரின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் முன்நிலையில் 12ஏஎக்ஸ்7 என்ற ஒரு வால்வு, ஸ்பீக்கரை இயக்கும் இறுதிநிலையில் இஎல்84 என்ற ஒரு வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், எதிரொலி சேர்க்கும் டிஜிட்டல் ரீவெர்ப், 5 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கோ 0.1 வாட்டுக்கோ இறக்கிக்கொள்ள ஒரு சுவிட்ச் ஆகியவை சிறிய பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. உள்ளே வால்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இறுதிநிலை வால்வைத் திணறவிட்டு, அதிலிருந்து கிளம்பும் கரகரப்பான ஓவர்டிரைவைக் கேட்க விரும்புபவருக்கு இந்த விலையில் இது நியாயமான பொருள்தான்.

வால்வுகளைப் பொறுத்தவரை மலிவான கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் இடையே பெரிய வேறுபாடு கிடையாது. ஃபெண்டர் நிறுவனம் 1950களின் சாம்ப் மாதிரியைக் கையால் வயரிங் செய்து '57 கஸ்டம் சாம்ப் என்று மறுபடியும் வெளியிட்டது. அதிலும் ஒரு 12ஏஎக்ஸ்7, இறுதிநிலைக்கு ஒரு 6வி6, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு 5ஒய்3 ஆகிய வால்வுகள்தான் உள்ளன, ஒலித்திறனும் அதே 5 வாட்தான், ஸ்பீக்கரும் 8 அங்குலம்தான். விலை மட்டும் புகேராவைப் போலப் பல மடங்கு. அந்தப் பணத்தில் ஒரு பகுதி பெயருக்கும் கைவேலைக்கும் போகிறது என்பது உண்மை. எஞ்சியது டிரான்ஸ்பார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் மரப்பெட்டிக்கும் போகிறது. மலிவுப் பதிப்பில் கத்தரி விழுவதும் இந்த இடங்களில்தான்.

அவற்றுள் இறுதிநிலை வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இறுதிநிலையில் ஒரே ஒரு வால்வு உள்ள சிங்கிள் எண்டட் அமைப்பில், அந்த வால்வு கிட்டார் ஒலிக்காத நேரத்திலும் இடைவிடாமல் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். அந்த நேர்மின்னோட்டம் முழுவதும் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளின் வழியாகவே செல்வதால், இரும்பு உள்ளகம் காந்தப்புலத்தால் நிறைந்துவிடாமல் இருக்க அதில் ஒரு சிறு காற்று இடைவெளி விட வேண்டும், அதை ஈடுகட்ட இரும்பையும் கூடுதலாக வைக்க வேண்டும். இரும்பு என்றால் எடை, எடை என்றால் செலவு. உற்பத்தியாளர் இதில் சிக்கனம் காட்டும்போது முதலில் பலியாவது தாழ்ந்த சுரங்கள்தான். கிட்டாரின் தடித்த ஈ கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதைச் சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாக 8 அங்குல ஸ்பீக்கருக்குச் செலுத்தினால், தனியாக மீட்டும்போது குறை தெரியாவிட்டாலும், முழு கார்டை (பல சுரங்களை ஒருசேர) ஓங்கி அடிக்கும்போது ஒலி மெலிந்தோ குழம்பியோ வருவது இவ்வகைக் கருவிகளின் பொதுவான இயல்பு.

அதற்கு ஈடாகக் கிடைப்பதும் சிறிதல்ல. ஒற்றை வால்வு அமைப்பில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் 2, 4, 6 மடங்கில் எழும் ஒலிகள்) ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. ஆகவே மெல்ல மீட்டினால் தெளிவாகவும், விரலை அழுத்தினால் கரகரப்பாகவும், கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தால் மறுபடியும் தெளிவாகவும் ஒலி மாறிக்கொண்டே வரும். இந்தக் கீழ்ப்படிதலைத்தான் ப்ளூஸ் வாசிப்பவர்கள் தேடுகிறார்கள். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருளாக (சிங்கிள் காயில்) உள்ள கிட்டாரில் இது மிக நன்றாக அமைகிறது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் உள்ள கிட்டாரில் தெளிவான ஒலிக்கான எல்லை மிக விரைவிலேயே முடிந்துவிடும். ஜாஸ் வாசிப்பவர் இதைக் குறையாகவே எண்ணுவார்.

5 வாட் என்பதைக் கேட்டுப் பொம்மைக் கருவி என்று நினைக்க வேண்டாம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபல் தரும் சாதாரண கிட்டார் ஸ்பீக்கர், 5 வாட்டில் 102 டெசிபல் வரை எட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவதற்கு அதுவே போதும். 0.1 வாட்டுக்கு இறக்கினாலும் குறைவது 17 டெசிபல்தான். 85 டெசிபல் என்பது இயல்பான பேச்சொலியை விட இன்னும் வெகுவாக உரத்ததே. ஆகவே நள்ளிரவுப் பயிற்சிக்கு என்று வாங்குபவர் இந்தச் சுவிட்சை நம்பிவிடக் கூடாது. அதோடு, ஒலி குறையும்போது நம் காதுக்குத் தாழ்ந்த, உயர்ந்த சுரங்கள் இரண்டுமே மங்கலாகக் கேட்கும் என்பதால், உரக்க வாசிக்கையில் இருந்த செழுமை அப்படியே வரவும் வராது.

இதே வரிசையில் வாக்ஸ் ஏசி4டிவியும் நினைவில் கொள்ளத்தக்கது. அது 4 வாட், 1 வாட், கால் வாட் என்று மாற்றக்கூடியது. 10 அங்குல ஸ்பீக்கர் கொண்டது. வெளியிலிருந்து வேறு ஸ்பீக்கர் பெட்டியையும் இணைத்துக்கொள்ளலாம். அந்த இணைப்பு வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் சிறிய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை 12 அங்குல ஸ்பீக்கரில் கேட்கும்போது ஏற்படும் மாற்றம், விலையுயர்ந்த வால்வுகளை மாற்றிப் பொருத்துவதால் ஏற்படும் மாற்றத்தை விடப் பல மடங்கு பெரிது. எபிஃபோன் வால்வ் ஜூனியர் இன்னும் எளியது: ஒரே வால்யூம் குமிழ், டோன் குமிழே இல்லை. அதன் தொடக்ககாலப் பதிப்புகளில் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மாறுமின்னோட்டம் தரப்பட்டதால் இரைச்சல் இருந்தது. பிந்தைய பதிப்பில் அது நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டது. இப்போது பழையதாகத்தான் கிடைக்கும் என்பதால், வாங்குபவர் எந்தப் பதிப்பு என்று கேட்டறிவது நல்லது.

விளம்பரத்தில் வால்வு என்ற சொல் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றல்ல. ஆரஞ்சு மைக்ரோ டெரர் போன்றவற்றில் முன்நிலையில் மட்டும் ஒரு வால்வு. 20 வாட்டைத் தருவது டிரான்சிஸ்டர் பகுதி. அதில் தவறேதும் இல்லை, நன்றாகவே ஒலிக்கும். ஆனால் மேலே கூறிய இறுதிநிலைத் திணறலை அதில் எதிர்பார்க்க முடியாது.

பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கிட்டார் வால்வுகள் இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் மிகச் சில ஆலைகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது விலை எகிறியது. ஒற்றை இஎல்84 உள்ள சிறு கருவிகளில் பெரும்பாலும் பயாஸ் (வால்வின் ஓய்வுநிலை மின்னோட்ட அளவு) சரிசெய்யத் தேவையில்லை என்பதால் வால்வை நாமே மாற்றிவிடலாம். ஆனால் பெட்டியைத் திறந்து உள்ளே கைவைப்பது வேறு விஷயம்: மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும், அது உயிருக்கு ஆபத்தானது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிபையரை இயக்குவதும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரை எரித்துவிடக்கூடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள், அங்குள்ள கருவி 120 வோல்ட்டுக்கானது என்பதையும், நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அத்தோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், 60 ஹெர்ட்ஸை மட்டும் எண்ணி வடிவமைக்கப்பட்ட கருவியின் பவர் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் சற்றுக் கூடுதலாகவே சூடேறும். விலையில் மிச்சமானது பெரும்பாலும் இதிலேயே கரைந்துவிடுகிறது.

பலவகை இசையையும் வாசிக்க வேண்டும், எஃபெக்டுகளும் வேண்டும், இரவில் ஹெட்போனிலும் பழக வேண்டும் என்பவர் பாஸ் கட்டானா போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையரை வாங்குவதே அறிவுடைமை. முதல் ஆம்ப்ளிபையர் வாங்குபவருக்கு நான் தயக்கமின்றி அதையே சொல்வேன். டிரம்ஸோடு சேர்ந்து வாசிப்பவருக்கு 5 வாட் போதாது. அவர் இரண்டு இஎல்84 கொண்ட 15 வாட் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரைப் பழையதாகத் தேடலாம். ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிபையர் கையில் இருந்து, வீட்டில் ஓரளவு சத்தத்துக்கும் இடமிருப்பவருக்குத்தான் வி5 பொருந்தும்.

பழையதை வாங்குவதானால், கிட்டாரைச் செருகாமல் வால்யூமை மெல்ல ஏற்றி இரைச்சலைக் கவனியுங்கள்; வால்வின் மேல் பென்சிலின் மறுமுனையால் இலேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியடிப்பதுபோல் கேட்கிறதா என்று பாருங்கள் (கேட்டால் அது பழுதான வால்வின் அறிகுறி). பிறகு அரை மணி நேரமாவது தொடர்ந்து வாசியுங்கள், ஏனெனில் சர்க்யூட் போர்டிலேயே வால்வு சாக்கெட் பொருத்தப்பட்ட மலிவான கருவிகளில் வெப்பத்தால் விரிசல் விட்ட சால்டர் இணைப்புகள் சூடேறிய பின்னர்தான் விட்டுவிட்டு ஒலித்துத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.