ஓசூர்க்காரருக்கு வங்காளச் சாப்பாடு: பெங்களூரு ஓட்டலா, சிப்காட் மெஸ்ஸா?

ஓசூரில் இருந்துகொண்டு வங்காளச் சாப்பாடு சாப்பிட வேண்டுமென்றால் இரண்டு வழி. அத்திப்பள்ளி தாண்டிப் போய், கோரமங்களா, பெல்லந்தூர் பக்கம் 'இந்தியன் அண்ட் பெங்காலி' என்று போர்டு போட்ட பெரிய ஓட்டலில் உட்காரலாம். இல்லையென்றால், இங்கேயே சிப்காட்டை ஒட்டி, கம்பெனி வேலைக்கு வந்த வங்காளப் பையன்களுக்காக நடக்கும் சின்ன மெஸ்ஸில் சாப்பிடலாம். இரண்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டு, கடைசியில் நான் மெஸ் பக்கம் வந்துவிட்டேன். அதற்குப் பெரிய காரணம் மீன்தான். நெடுஞ்சாலையோர ஓட்டல்களின் மெனுவிலும் 'பெங்காலி ஃபிஷ் கறி' என்று ஒரு வரி இருக்கும். அதில் கடுகெண்ணெய் வாசனைகூட இருக்காது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பெங்களூருவில் ஏ.சி. உண்டு, கை கழுவ நல்ல இடம் உண்டு, குழந்தைகளோடு நிம்மதியாக உட்காரலாம். இரண்டு பேர் சாப்பிட்டால் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். மெஸ்ஸில் தகர ஷீட் கூரை, நீள பெஞ்சு, எவர்சில்வர் தட்டு, மீன் சாப்பாடு 150 ரூபாய்க்குள். போக்குவரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் இருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ ஓடுகிறது, சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு சாப்பாட்டுக்கு அரை நாள் போய்விடும்.

சரி, மீனுக்கு வருவோம்.

வங்காளிகள் தினமும் சாப்பிடுவது ரூய், காத்லா. நம் மீன்கடையில் ரோகு, கட்லா என்று தொங்குகிற அதே மீன்கள்தான். இவை கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். குளத்தில் விட்டால் வளரும், ஆனால் நிற்கிற தண்ணீரில் தானாக முட்டையிடாது. அதனால் முன்பெல்லாம் ஆற்று வெள்ளத்தில் இருந்து குஞ்சுகளை வாரிக்கொண்டு வந்துதான் வளர்த்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற வங்காள விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார்கள். அந்தத் தேதியைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கிருஷ்ணகிரியில் இருக்கிற நம் கே.ஆர்.பி. அணையும் காமராஜர் ஆட்சியில் அதே காலத்தில் வந்ததுதான். இன்று அணைக்கு முன்னால் இருக்கிற வறுவல் கடைகளில் மசாலா தடவிப் பொரிக்கிற துண்டுகளில் கட்லாவும் ரோகுவும் நிறைய. ஒரு வங்காளிக்குத் தேவையான மீன் நம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

நான் போகிற மெஸ்ஸை நடத்துகிறவர் மேற்கு வங்கத்து நதியா மாவட்டத்துக்காரர். காலையில் முழு மீனாகத்தான் வாங்குகிறார். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்து, அப்புறம்தான் விலை பேசுகிறார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து, நம் வீட்டு அரிவாள்மணை மாதிரியே இருக்கிற 'போட்டி'யில் வைத்து அறுக்கிறார். வயிற்றுப் பக்கத் துண்டு தனி, முதுகுத் துண்டு தனி. வயிற்றுத் துண்டில் கொழுப்பு அதிகம், முள் குறைவு. முதுகில் சதை கெட்டி, பொடி முள் அதிகம். எது வேண்டும் என்று கேட்டே வைக்கிறார்கள்.

மஞ்சளும் உப்பும் தடவி ஊறவிட்டு, கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிப் பொரிக்கிறார்கள். புகை வராமல் இறக்கினால் பச்சை நெடி மூக்கில் ஏறும். பொரித்த பிறகு அதே எண்ணெயில் கருஞ்சீரகம், கீறின பச்சை மிளகாய், நீளமாக வெட்டிய உருளைக்கிழங்கு, தண்ணீர், கடைசியில் மீன். புளி இல்லை, தேங்காய் இல்லை. நம் மீன்குழம்பை நினைத்துக்கொண்டு போனால் முதல் வாயில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த நீர்த்த 'ஜோல்'தான் மீன் எப்படிப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மீன் பழசாக இருந்தால் மறைக்க அதில் எந்த மசாலாவும் கிடையாது.

பெங்களூரு ஓட்டல்களில் எனக்கு ஒத்துவராததும் இதே இடத்தில்தான். இந்தியன், பெங்காலி இரண்டையும் ஒரே அடுக்களையில் செய்யும்போது, பன்னீர் பட்டர் மசாலாவுக்கு அரைத்து வைத்த வெங்காயம் தக்காளி கிரேவி மீன் கறிக்குள்ளும் வந்துவிடுகிறது. நான் சாப்பிட்ட ஓரிடத்தில் மீன் முன்பே பொரித்து வைத்தது, கிரேவி சூடு, துண்டின் நடுப்பகுதி ஜில்லென்று இருந்தது. சோறும் பாஸ்மதி. வங்காளத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் புழுங்கல் அரிசிதான், நம்மைப் போலவே. மெஸ்ஸில் போடுகிற புழுங்கல் சோற்றில் ஜோல் ஊறுகிற மாதிரி பாஸ்மதியில் ஊறாது. எல்லா ஓட்டலும் இப்படி என்று சொல்லமாட்டேன், வங்காளச் சமையல் மட்டுமே செய்கிற இடங்களும் அங்கே உண்டு. அங்கே மீன் நன்றாகவே இருந்தது, பில்லும் அதற்கேற்ற மாதிரி இருந்தது.

எந்தக் கடையானாலும் நான் வைத்திருக்கிற சோதனை ஒன்று: மீன் தலை இருக்கிறதா என்று கேட்பேன். பாசிப்பருப்பை வாசனை வர வறுத்து, பொரித்த தலையை உடைத்துப் போட்டு ஒரு பருப்பு செய்வார்கள். துண்டாக ஐஸ் பெட்டியில் மீன் வாங்குகிற கடையில் தலை இருக்காது. முழு மீன் வாங்குகிற கடையில் தினமும் தலை மிஞ்சும், அதை வீணாக்க எந்த வங்காளியும் சம்மதிக்கமாட்டார். நம் மெஸ்காரர் என்னைப் பார்த்ததும், "அண்ணா, இன்னிக்கு தலை இருக்கு, போடவா?" என்று அவரே கேட்டுவிடுகிறார். பெங்களூருவில் கேட்ட இடங்களில் பாதிக்கு மேல், "முன்கூட்டியே சொல்ல வேண்டும் சார்" என்றார்கள்.

மெஸ் மீன் எப்போதும் அணை மீன் கிடையாது. அணையில் வரத்து குறைந்தால் ஆந்திராவில் இருந்து ஐஸில் வருகிற ரோகுதான். அப்போது ஜோலில் வித்தியாசம் தெரியும். அணை மீனிலும் ஒரு கவலை உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் கலந்து, ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதே ஆறுதான் கே.ஆர்.பி.க்கும் போகிறது. எப்போதாவது சாப்பிடுகிற நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு அதே வார்த்தையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இன்று எந்த மீன் என்று கேட்டால் மெஸ்காரர் மறைக்காமல் சொல்கிறார், அதுவரைக்கும் நல்லது.

உல்லம் மீன், அவர்கள் சொல்கிற 'இலிஷ்', வேண்டுமென்றால் மெஸ்ஸுக்குப் போகாதீர்கள். கடலில் இருந்து ஆற்றுக்கு ஏறி வருகிற மீன் அது, மழைக்காலம்தான் பருவம். கடுகு அரைத்துப் பூசி ஆவியில் வேகவைத்து பெங்களூருவில் தருகிறார்கள். நான் சாப்பிட்டது ஐஸில் வந்ததை மட்டும்தான், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல எனக்கு வராது. உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணிக்கும் அங்கேதான் போக வேண்டும். ஆம்பூர்ப் பக்க பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு அதன் காரம் பத்தாது என்பது என் அபிப்பிராயம்.

சைவக்காரர்களுக்கு பெங்களூருதான், யோசிக்கவே வேண்டாம். மெஸ்ஸில் பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், கத்தரிக்காய் வறுவல், அவ்வளவுதான். பெரிய ஓட்டலில் பாகற்காய் சேர்த்துச் செய்கிற கசப்பான 'சுக்தோ'வில் சாப்பாட்டை ஆரம்பிக்கலாம். வாழைப்பூவில் ஒரு கூட்டு வரும், பெயர் 'மோச்சார் கண்டோ'. வாழைப்பூவின் நரம்பு எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், தனியாளாக அடுப்பைப் பார்க்கிற மெஸ்ஸில் அது நடக்காது. தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும் மைதா 'லூச்சி'யும், மண்சட்டியில் உறைய வைத்த இனிப்புத் தயிரும் அங்கேதான் சரியாக வருகின்றன.

இனிப்பில் ஒன்று மட்டும் மெஸ் பக்கம். சீசனில் அவர் நம் ஊர்ப் பெங்களூரா மாங்காயை வெட்டி, கடுகு தாளித்து, வெல்லம் போட்டு இனிப்புச் சட்னி செய்கிறார். சாப்பாடு முடியும்போது ஒரு கரண்டி தட்டில் விழும். கிருஷ்ணகிரி மாங்காய்க்கு அந்தப் பக்குவம் அப்படிப் பொருந்துகிறது.

போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். ஷிஃப்ட் முடிந்து பையன்கள் வந்துவிட்டால் வயிற்றுத் துண்டும் தலையும் தீர்ந்துவிடும், முதுகுத் துண்டுதான் மிஞ்சும். முள் எடுக்கப் பழகாத குழந்தைகளையும், பெஞ்சில் உட்கார முடியாத பெரியவர்களையும் அங்கே கூட்டிப்போக வேண்டாம். ஊரில் இருந்து என் மாமியார் வரும்போது நானும் பெங்களூருவுக்குத்தான் போவேன். அப்போது மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாழைப்பூவும் லூச்சியும் கேட்பேன்.