ஏ.பி.ஐ. நன்னீர் மாஸ்டர் டெஸ்ட் கிட்: கொழும்புக்குத் தேவையான போத்தல் பெட்டியில் இல்லை

கப்பியின் வால் நுனி வெளுத்துத் தேய்கிறது. நியோன் டெட்ரா ஒன்றிரண்டாய்ச் செத்து மிதக்கிறது. கடையில் போய்ச் சொன்னால் நீல மருந்துப் போத்தலைத்தான் நீட்டுவார்கள். மெத்திலீன் நீலத்தை நேரே தொட்டிக்குள் ஊற்றினால் பில்டரில் வாழும் நல்ல பக்டீரியாவும் அடிபடும், செத்த கணக்கு இன்னும் கூடும். அந்தக் காசுக்கு முதலில் தொட்டி நீரைச் சோதிக்கும் இந்தக் கிட் வாங்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

பெட்டியில் அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, இரண்டு வகை பிஎச் (நீரின் அமில, கார அளவு) சோதனைகள், நான்கு கண்ணாடிக் குழாய்கள், வண்ண அட்டை. எல்லாவற்றுக்கும் 5 மில்லிலீற்றர் தொட்டி நீர். அமோனியாவுக்கு இரண்டு போத்தல்களிலும் எட்டு எட்டுத் துளி, 5 விநாடி குலுக்கி, 5 நிமிடம் வைக்க வேண்டும். நைத்திரைற்றுக்கு ஐந்து துளி, அதே 5 நிமிடம். போத்தலைச் சரித்துப் பிடித்தால் துளியின் அளவு மாறும்; செங்குத்தாகக் கவிழ்த்துத்தான் விட வேண்டும். வாயை விரலால் அடைத்துக் குலுக்காதீர்கள், மூடி எதற்கு இருக்கிறது? வண்ணத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் மின்குமிழின் கீழ் அமோனியா பூச்சியமும் 0.25உம் ஒன்றுபோலத் தெரியும்.

அதிகம் பிழைப்பது நைத்திரேற்று. முதல் போத்தலில் பத்துத் துளி விட்டுக் கலக்குங்கள். இரண்டாம் போத்தலின் அடியில் துகள் படிந்திருக்கும், அதை 30 விநாடி நன்றாகக் குலுக்கிய பிறகே பத்துத் துளி விட வேண்டும். பின் குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் பொறுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் அளவு குறைத்துக் காட்டும். தண்ணீர் மாற்றாத தொட்டியில் நைத்திரேற்று 5 என்று வந்தால், மகிழ வேண்டாம், திரும்பச் செய்யுங்கள்.

இனிப் பெரிய குறை. களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் குழாய்நீர் மென்மையானது, அதில் காபனேற்று மிகக் கொஞ்சம். பில்டர் பக்டீரியா அமோனியாவை மாற்றும்போது அந்தக் காபனேற்றைத்தான் செலவழிக்கிறது. அது தீர்ந்ததும் பிஎச் சரியும், 6க்குக் கீழே பக்டீரியாவின் வேலை வெகுவாகக் குறையும், அமோனியா சேரும். இதை முன்கூட்டியே காட்டுவது கேஎச் சோதனை, அதாவது நீரிலுள்ள காபனேற்றின் அளவு. அது இந்தப் பெட்டியில் இல்லை. ஜிஎச் (நீரின் மொத்தக் கடினத்தன்மை) சோதனையோடு சேர்த்து ஜிஎச்-கேஎச் கிட் என்று தனியே விற்கிறார்கள். போதாததற்கு, பெட்டியில் உள்ள சாதாரண பிஎச் சோதனை 6.0க்குக் கீழே எதையும் காட்டாது. மஞ்சள் வந்தால் அது 6ஆகவும் இருக்கலாம், 5ஆகவும் இருக்கலாம்.

‘தொட்டியைக் கழுவின மறுநாள்தான் செத்தது’ என்று பலர் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான். பிஎச் 6இல் சேர்ந்திருக்கும் அமோனியா ஏறத்தாழ முழுவதும் நஞ்சு குறைந்த அமோனியம் என்ற வடிவில் இருப்பதால் மீன் சமாளித்துக்கொள்ளும். அரைவாசித் தண்ணீரை மாற்றினால் பிஎச் ஏறும், இருந்த அமோனியா நஞ்சாகும். நம் தொட்டிகளின் 28 பாகை வெப்பத்தில், பிஎச் 7இல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சான வடிவில் இருக்கும். 8இல் ஆறு பங்கைத் தாண்டிவிடும். கிட் காட்டுவது இரண்டும் சேர்ந்த மொத்தத்தை. ஆகவே அமோனியா எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது, பிஎச்சோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமோனியா 2 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு), பிஎச் மஞ்சள் என்று வந்தால் தீனியை நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அமோனியா இறங்கிய பிறகே கேஎச்சை உயர்த்தலாம்: 50 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா கேஎச்சை ஏறத்தாழ ஒரு பாகை (வெப்பமல்ல, கேஎச் அளவின் அலகு) கூட்டும். நிரந்தரத் தீர்வுக்குப் பில்டருக்குள் ஒரு பிடி சிப்பி ஓடு போதும். முருகைக்கல் தேடிப் போக வேண்டாம், நம் கரையில் அதை அகழ்வதே சட்டப்படி தடை. நைத்திரைற்று தெரிந்தால் 10 லீற்றருக்கு 1 கிராம் அயடீன் சேர்க்காத உப்பு, நைத்திரைற்று செவுள் வழியாக உள்ளே போவதை உப்பு தடுக்கும்.

குளோரினை இந்தக் கிட் அளக்காது. வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றுபவருக்கு எல்லா எண்ணும் நல்லதாக வந்தாலும் மீன் சாகும்.

எண்கள் எல்லாம் சரி, செட்டை மட்டும் குறைகிறது என்றால் கிட்டை மூடிவைத்து மீனைப் பாருங்கள். விளிம்பு சுத்தமாக, அரைவட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் கடி. டைகர் பார்ப் உள்ள தொட்டியில் வேறு சந்தேகமே வேண்டாம். தனியாக இருக்கும் பைட்டர் தன் வாலைத் தானே கடிப்பதும் உண்டு. விளிம்பு நார்நாராகி, வெள்ளை அல்லது சிவப்புக் கரை கட்டினால் அழுகல். முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர்ப் பட்டை இருந்தால் கொலம்னாரிஸ் என்ற பக்டீரியா நோய். அதற்கு ஹீற்றரைக் கூட்டினால் நோய்தான் வேகமாகும். கப்பியின் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கமலானஸ் புழு. அதற்கு லெவமிசோல் என்ற புழு மருந்து வேண்டும், உப்பு எதுவும் செய்யாது.

வாங்கும்போது போத்தல்களைத் திருப்பிப் பாருங்கள். லொட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் உற்பத்தியான மாதமும் ஆண்டும். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் கிடந்ததை எடுக்க வேண்டாம். ஒரு சின்னத் தொட்டிக்கு முழுப் பெட்டி அதிகம் என்று தோன்றினால், அமோனியா கிட்டையும் ஜிஎச்-கேஎச் கிட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிஎச்சுக்கு ஒரு சிறு போத்தல் சேர்த்தால் மேலே சொன்ன அமோனியா, பிஎச், கேஎச் கணக்கைப் போட்டுவிடலாம்.