இடக்கை பேஸ் கிட்டாருக்கு முன்பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். "பிள்ளையின் கைக்கு ஏற்றபடி கிட்டார் செய்து தருகிறேன்" என்று டிக்டாக்கில் விளம்பரம் போடும் நம்மவர் ஒருவரிடம் 3,600 ரிங்கிட் கொடுத்தோம். எங்களுக்குக் கிடைத்தது சுருதியே சேராத ஒரு பேஸ் கிட்டார். விசாரணை பாக்கி இருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயனில்லை, பக்கத்தின் பெயரை இதற்குள் மாற்றிவிட்டார். அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், அது மாறப்போவதில்லை.

என் மகள் படிவம் 4 படிக்கிறாள். இடக்கைக்காரி. எங்கள் ஊரில் பையன்கள் உறுமி மேளம் என்று அலைவார்கள், இவளுக்கோ பேஸ் கிட்டார் மேல் ஆசை. சிநேகிதியின் அண்ணனுடைய பேஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தானாகவே கொஞ்சம் கற்றுக்கொண்டாள். ஆனால் சாதாரண பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். 1951-இல் ஃபெண்டர் கம்பெனி போட்ட அளவு அது, இன்றுவரை பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. விரல் வைக்க நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். முதல் ஃப்ரெட்டே, தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டிலிருந்து 48 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். இவள் சின்ன உருவம், விரலும் குட்டை. 30 அங்குல பேஸ் என்று ஒன்று உண்டு, அதில் அதே இடைவெளி 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்டால் ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நாள் முழுக்க விரலை விரித்துப் பிடிக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஈப்போவில் கடை கடையாகக் கேட்டோம். 30 அங்குலம் இருந்தால் வலக்கை, இடக்கை இருந்தால் 34 அங்குலம். அதனால்தான் செய்துகொடுக்கும் ஆளைத் தேடினோம்.

ஆள் பேச்சில் கெட்டிக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட பட்டறை, சுவரில் வரிசையாகக் கிட்டார் உடல்கள். மகளின் கையை விரிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தார். "பாப்பா கைக்கு 30தான் சரி அக்கா, ஃபேக்டரில இந்த மாதிரி கவனிச்சுச் செய்ய மாட்டாங்க" என்றார். வாட்சாப்பில் அவரே எழுதி அனுப்பினார்: இடக்கை, 30 அங்குலம், 20 ஃப்ரெட், உடல் நியாத்தோ மரம், நெக் மேப்பிள், உள்ளே டிரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் கம்பி), நீல நிறம். விலை 3,200. பாதி முன்பணம், தன் சொந்தக் கணக்குக்கு. தீபாவளிக்கு முன்னால் கையில் இருக்கும் என்றார்.

தீபாவளி போனது. சூளையில் உலர்த்திய நியாத்தோ விலை ஏறிவிட்டது, இன்னும் 400 வேண்டும் என்றார். அதையும் அனுப்பினோம். அதன்பின் படங்கள் வரத் தொடங்கின. அதில் ஒன்றை மகள்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். மேசைமேல் இடக்கை பேஸ், பின்சுவரில் ஒரு காலண்டர், அதில் எண்களெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தன. யாரோ செய்த வலக்கை கிட்டாரின் படத்தைப் புரட்டி அனுப்பியிருக்கிறார்! இணையத்தில் தேடினால் அசல் படம் ஓர் இந்தோனேசியப் பட்டறையின் பக்கத்தில் இருந்தது. கேட்டதற்கு, "மாடல் காட்டத்தான் அனுப்பினேன் அக்கா" என்று ஒரே வரி.

பொங்கலும் தைப்பூசமும் கழிந்த பிறகு ஒரு ராத்திரி, பெட்ரோல் நிலையத்தில் வைத்துத் தருகிறேன் என்றார். பட்டறைக்கே வருகிறோம் என்றதற்கு, பூட்டிவிட்டேன் என்றார். மீதிப் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் காரின் பின்கதவைத் திறந்தார்.

கிட்டார் பார்க்க அழகு, அதை மறைக்க மாட்டேன். பளபளவென்று நீல பெயிண்ட். வீட்டில் போனில் டியூனரைப் போட்டு நான்கு தந்தியையும் முறுக்கினாள், நான்கும் சரியாக வந்தன. முதல் இரண்டு மூன்று ஃப்ரெட் வரை பரவாயில்லை. மேலே போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் காது கூசியது. டியூனர் முள் ஒரேயடியாக வலப்பக்கம் சாய்ந்தது. பழைய தந்தியாக இருக்கும் என்று புதுத் தந்தி மாற்றினோம். அதே கதை.

அவருக்குப் பேசினேன். "பாப்பாக்கு இன்னும் விரல் பழகல அக்கா. ரொம்ப அழுத்திப் பிடிக்குது, அதான் சுருதி ஏறுது. பேஸுக்கு காது பழக நாள் ஆகும்." அதையே இவளிடமும் சொன்னார். நான் தையல்காரி. ரவிக்கை அளவு தப்பினால் பிரித்துத் தைத்துக் கொடுப்பேனே தவிர, உன் தோள்தான் கோணல் என்று யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் அவர் பேச்சை நம்பினாள். மெதுவாக அழுத்திப் பார்த்தாள், விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள், பாட்டுப் பயிற்சிக்குப் போவதைக் கூட நிறுத்தினாள், தனக்குக் காது சரியில்லை என்று சொல்லிக்கொண்டு. பணம் போனதைவிட இதற்குத்தான் எனக்குக் கோபம்.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயம். எந்தக் கிட்டாராக இருந்தாலும் பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஓர் அளவு, அங்கிருந்து பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில் வரை ஓர் அளவு. இரண்டும் சமமாக இருக்கவேண்டும். தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறுவதால், சேடிலைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைப்பார்கள், தடித்த தந்திக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஆக இரண்டாவது அளவு கூடலாம், குறையவே கூடாது. இதற்குத் தையல் டேப்பே போதும், சங்கீத ஞானம் வேண்டாம். ஒருநாள் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து அளந்தேன். முதல் பாதி 385 மில்லிமீட்டர், இரண்டாம் பாதி 377. திருப்பித் திருப்பி அளந்தாலும் அதேதான்.

ஈப்போவில் கிட்டார் பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டுபோனோம். இரும்பு ஸ்கேலை வைத்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக அளந்தார், ஃப்ரெட்டுகளை எண்ணினார், சிரித்தார். ஃப்ரெட் 18தான் இருந்தது. அவர் மலாயில் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு ஃப்ரெட்டையும், மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்துத்தான் வைப்பார்கள். இந்த ஆள் 34 அங்குலத்துக்கு ஏற்கெனவே கோடு அறுத்த 20 ஃப்ரெட் பலகை ஒன்றை வாங்கி, தலைப்பக்கம் இரண்டு ஃப்ரெட்டை வெட்டிப் போட்டிருக்கிறார். அப்படி வெட்டினால் மிஞ்சுவது 30 அங்குலப் பலகை இல்லை, கிட்டத்தட்ட 30.3 அங்குலத்துக்கான பலகை. அந்தக் கணக்குப் பார்த்துப் பிரிட்ஜை 769 மில்லிமீட்டரில் வைத்திருந்தால் ஓர் அருமையான பேஸ் கிடைத்திருக்கும். இவரோ 30 என்று பேசியதால் நேராக 762-இல் துளை போட்டுவிட்டார். சேடில்களைத் திருகு முடியும் வரை பின்னால் இழுத்தாலும் தடித்த தந்திக்கு எட்டவில்லை. உலகத்தில் எந்த விரல் வந்து அழுத்தினாலும் அதில் சுருதி சேராது என்றார் பெரியவர். பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம், நல்லதாகப் போயிற்று.

அப்புறம் அவர், தந்தியின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்அப்பைக் கழற்றினார். பெயிண்ட் படாத உள்பக்கம் வெளிர் மஞ்சள் நிறம். நியாத்தோ சிவப்பும் பழுப்புமாக இருக்கும். இது பால்மரம், அதாவது ரப்பர் மரம். எங்கப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர், பால்மரக் கட்டையை விறகாக எரித்து வளர்ந்த எனக்கு அதை அடையாளம் காட்ட யாரும் வேண்டியதில்லை. பால்மரம் மட்டமான மரம் என்று சொல்லவில்லை. மூவாரில் செய்யும் மேசை நாற்காலி அந்த மரத்தில்தான் கப்பலேறுகிறது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்த கையோடு போராக்ஸ் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், உளுத்துப்போகும். எங்களுடையதில் பிக்அப் குழியின் மூலையில் குண்டூசித் துளைகள், அடியில் மாவுமாதிரி தூள். கிட்டார் பையில் அடிக்கடி கிடந்த வெள்ளைத் தூள் பவுடர் என்று நினைத்திருந்தோம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. டிரஸ் ராடின் திருகு சும்மா சுற்றுகிறது, நெக் அசைவதே இல்லை. பிரிட்ஜுக்குப் போகவேண்டிய எர்த் வயர் கிடையாது, அதனால்தான் ஆம்ப்ளிஃபயரில் போட்டால் எந்நேரமும் இரைச்சல். நெக்கின் ஓரத்தில் வாசிப்பவர் பார்ப்பதற்காக வைக்கும் புள்ளிகள் வலக்கைக்காரருக்கு வைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. என் மகள் பிடித்தால் அவை தரையைப் பார்க்கும். இடக்கைக்காரிக்கென்று கையை அளந்து செய்த கிட்டார்!

பெரியவர் பார்த்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. பிரிட்ஜைப் பின்னால் தள்ளலாமா என்று கேட்டேன். தள்ளலாம், சுருதியும் வந்துவிடும், ஆனால் உளுத்த கட்டையில் திருகு எத்தனை நாள் பிடித்து நிற்கும் என்றார். எப்படியும் விசாரணை முடியும்வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது, அதுதான் எங்கள் சாட்சி.

எல்லாவற்றையும் படம் பிடித்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, "கையால செய்ற பொருள்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும் அக்கா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது." அதற்கும் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் போலீசுக்குப் போகலாம் என்றார். நான் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். பலருக்கு இது எவ்வளவு எளிது என்று தெரியவில்லை. 'போராங் 1' என்ற பாரத்தை நிரப்பவேண்டும், கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, அவருக்கும் அப்படித்தான், நாமே பேசவேண்டியதுதான். தீர்ப்பு வந்து பணம் தராவிட்டால் அது குற்றம்.

எங்களுக்கு இடித்த இடம் ஒன்றுதான். எதிர்த்தரப்பின் பெயரும் விலாசமும் எழுதவேண்டும். அவர் தந்த ரசீதில் ஒரு சின்னம் இருந்தது, பதிவு எண் இல்லை. வங்கிச் சீட்டில் இருந்த பெயரையும் பட்டறை விலாசத்தையும் வைத்துத்தான் எழுதினோம். ஆகவே யாராக இருந்தாலும், பணம் அனுப்புவதற்கு முன், வியாபாரங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். தந்த பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். சொந்தக் கணக்குக்குப் போடச் சொன்னால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள், புகார் இருந்தால் காட்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் கட்டையை நேரில் பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேச்சே வேண்டாம். மீதிப் பணம் பட்டறையில், பகலில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அளந்த பிறகு. நல்ல கைவினைஞர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஈப்போ பெரியவர் கேட்காமலே ஸ்கேலை என் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னார்.

மகள் இப்போது சிநேகிதியின் அண்ணனுடைய 34 அங்குலத்தையே மறுபடி தலைகீழாகப் பிடித்து வாசிக்கிறாள். அதில் சுருதி சேருகிறது, விரல்தான் வலிக்கிறதாம்.

போன வாரம் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரிடமும் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் 1,000 தருகிறாராம். அந்தச் செய்தியையும் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன். நீல நிறக் கிட்டாரின் அதே படத்தைப் போட்டு, வேறு பெயரில், இப்போதும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது முன்பணம் கட்டியிருந்தால் வங்கிச் சீட்டையும் வாட்சாப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் போராங்கை நிரப்ப நான் உதவுகிறேன், விசாரணைக்கு உங்கள் கிட்டாரையும் கொண்டுவாருங்கள், டேப் நான் கொண்டுவருகிறேன்.