பஃபிங் தூசிக்கு பேக் ஃபில்டரா, வெட் ஸ்க்ரப்பரா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், வெடிப்பு ஆபத்து எங்கே என்று கேட்டால், ஃபினிஷிங் பகுதியில் இருக்கும் தின்னர் டிரம்களைக் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் தோலின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்க்கும் பஃபிங் மெஷினிலிருந்து பறக்கும் தோல் தூசியைப் பெரும்பாலும் இருமல் சமாச்சாரமாகவே பார்க்கிறார்கள். உலர்ந்த நுண்ணிய தோல் தூள் எரியக்கூடியது. அடைத்த இடத்தில் காற்றோடு கலந்து நிற்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். அங்கே வெடித்தது வெறும் சர்க்கரைத் தூசி.

தூசியைப் பிடிக்க இங்கே பேசப்படுபவை இரண்டு: துணிப்பைகள் தொங்கும் பேக் ஃபில்டர், தண்ணீரில் நனைத்துப் பிடிக்கும் வெட் ஸ்க்ரப்பர்.

முதலாளிகளுக்குப் பிடித்தது பேக் ஃபில்டர். காரணம் தண்ணீர். பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்புறம் கழிவுநீரே வெளியே போகக் கூடாது என்ற நிலையும் வந்தது. இன்று கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு குடம் தண்ணீரையும் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று காசு கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். பேக் ஃபில்டரில் அந்தத் தொல்லை இல்லை. தூசி காய்ந்தபடியே மூட்டையில் விழும்.

ஆனால் வெடிப்புக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கூடி நிற்கிறது. பைகளை உதறக் காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தூசி மேகம் எழும். குறைவது ஒரு பொறி மட்டும். சூடேறிய பேரிங், எர்த் போடாத பையில் சேரும் நிலைமின்சாரம், கனன்றபடி உறிஞ்சப்படும் ஒரு துணுக்கு, எதுவாகவும் அது இருக்கலாம். முழுக்க அடைபட்ட கலத்தில் தானியம், மரம் போன்ற கரிமத் தூசிகள் 7 முதல் 10 பார் வரை அழுத்தம் எழுப்பும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சாதாரணத் தகரப் பெட்டி ஒரு பார் கூடத் தாங்காது. அதனால்தான் வெடிப்பு வென்ட், அதாவது அழுத்தம் ஏறினால் முதலில் கிழிந்து வழிவிடும் பலகை.

பலரும் கோட்டை விடுவது இந்த வென்ட்டில்தான். கிழிந்தால் நெருப்பு வெளியே பாயும். ஐரோப்பியக் கணக்குப்படி பெட்டியின் கன அளவுக்குக் கனமூலம் எடுத்துப் பத்தால் பெருக்கினால், கிடைமட்டமாகப் பாயும் சுடரின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 8 கன மீட்டர் பெட்டி என்றால் 20 மீட்டர். ஆம்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய டேனரியில் 20 மீட்டர் ஆளில்லாத வெளிக்கு எங்கே போவது? ஷெட்டுக்குள்ளேயே பெட்டியை வைத்து உள்பக்கமாக வென்ட் விடுவது, வென்ட்டே இல்லாததைவிடப் பெரிதாக ஒன்றும் மேல் இல்லை. இன்னொன்று, மெஷினிலிருந்து வரும் குழாயில் ஒரு தடுப்பு வால்வு வேண்டும். இல்லாவிட்டால் சுடர் குழாய் வழியே திரும்பி, பஃபிங் மெஷினில் நிற்கும் ஆளிடமே வரும். கொட்டேஷனில் வென்ட் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இந்த வால்வையும் தேடிப் பார்க்கட்டும்.

வெட் ஸ்க்ரப்பரில் தூசி நனைந்துவிடுவதால் மேகம் சேர இடமில்லை. அதே தூசி தண்ணீரில் சேறாகும். இரண்டு நாள் விட்டால் நாறும். கொழுப்பு ஏற்றிய தோலின் தூள் சட்டென்று நனையாமல் மேலே ஆடையாகப் படியும், அதை வழித்தெடுக்க வேண்டும். குரோம் தோலாக, அதாவது குரோமிய உப்பால் பதனிட்டதாக, இருந்தால் அந்தச் சேற்றை அபாயக் கழிவாகவே பார்த்து அனுப்ப வேண்டும். ஸ்க்ரப்பர் வரை போகும் குழாய் காய்ந்துதான் இருக்கும் என்பதால் அங்கே ஆபத்து அப்படியே நிற்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கினால் பஃபிங் மெஷின் தானாக நிற்க இன்டர்லாக் அவசியம். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வராத அன்று அந்த இன்டர்லாக்கை ஒயர் போட்டுத் தாண்டிவிட்டால் ஸ்க்ரப்பர் வெறும் தகர டப்பா.

வெடிப்பை நொடியின் சிறு பகுதியில் அணைக்கும் சப்ரஷன் முறையும் உண்டு. விலை, பராமரிப்பு இரண்டையும் பார்த்தால் அது சிப்காட் ரசாயன ஆலைகளுக்குச் சரி, நான்கு பஃபிங் மெஷின் உள்ள இடத்துக்கு வேண்டாம்.

என் கணக்கு இது: சிப்காட் மாதிரி வெட்டவெளி இருந்தால், பெட்டியை வெளியே நிறுத்தி, வென்ட், தடுப்பு வால்வு, எர்த் பையோடு பேக் ஃபில்டர் போடலாம். ஊருக்குள் நெருக்கமான இடமென்றால், தண்ணீர்ச் செலவைப் பொறுத்துக்கொண்டு வெட் ஸ்க்ரப்பர்தான். எதை வாங்கினாலும் அதற்கு முன் உங்கள் தூசியையே 20 லிட்டர் கோளத்தில், அதாவது தூசியை உள்ளே வெடிக்கவைத்து அதன் வீரியத்தை அளக்கும் மூடிய கலத்தில், சோதித்த அறிக்கை வேண்டும். தோலுக்குத் தோல், அரைக்கும் தாளுக்குத் தாள் வீரியம் மாறும், அடுத்த டேனரியின் அறிக்கை செல்லாது.

கருவி வாங்கியதும் ட்யூப் லைட் பட்டியின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். அமெரிக்க விதி கவலைப்படச் சொல்லும் தூசிக் கனம் வெறும் 0.8 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தில் பாதிதான். முதல் வெடிப்பின் அதிர்வில் உத்தரங்களிலிருந்து உதிரும் இந்தத் தூசிதான் இரண்டாவதாக, பெரிதாக வெடிப்பது. அதை ஏர் கன்னால் ஊதி இறக்கினால் மேகத்தை நாமே கிளப்பியதாகும். தூசிக்கென்று செய்த வேக்கம் கிளீனரால் வாரமொரு முறை உறிஞ்சி எடுப்பதே முறை.