பலாவா, ஈரப்பலாவா, அயினியா?

ஆர்ட்டோகார்ப்பஸ் பேரினத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 இனங்கள் உள்ளன. அவற்றுள் பலாவும், சீமைப்பலா என்றும் சொல்லப்படும் ஈரப்பலாவும், காட்டு மரமான அயினியும் ஒப்பிட ஏற்றவை. மூன்றின் உறவையும் கிளை நுனியிலேயே கண்டுகொள்ளலாம். காம்பை ஒடித்தால் வெண்பால் கசியும். மொட்டைப் போர்த்தியிருந்த செதில் உதிர்ந்த இடத்தில், கிளையைச் சுற்றி மோதிரம் போன்ற தழும்பு இருக்கும்.

இம்மரங்களைப் பழத்தின் சுவையை வைத்தே எடைபோடுவது வழக்கம். விதையை வைத்து எடைபோடுவதே சரி என்பது என் கருத்து.

பலாப்பழம் ஒற்றைப் பூவின் கனியன்று. ஒரு பூங்கொத்து முழுவதும் திரண்டு ஒரே பழமாகிறது. மகரந்தம் சேர்ந்த பூ ஒவ்வொன்றும் கொட்டையுடன் கூடிய சுளையாகப் பருக்க, சேராத பூக்கள் சுளைகளுக்கிடையே தட்டையான சடைகளாக நின்றுவிடுகின்றன. 50 கிலோவைக்கூட எட்டக்கூடிய அந்தப் பாரத்தை அடிமரமும் பருத்த கிளைகளுமே தாங்கும். பழம் அங்கே காய்ப்பது அதனால் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. கொட்டையிலிருந்து முளைக்கும் மரம் தாய்மரத்தை அப்படியே ஒத்திருப்பதில்லை. சுளை கெட்டியான வருக்கையின் கொட்டை, சுளை குழைந்த கூழனாகவும் வரலாம். இதைக் குறையென்று கருதுவோர் ஒட்டுக்கன்றை நாடலாம். ஆனால் இத்தனை வகைகள் இந்த இனத்தில் நிலைத்திருப்பது அந்தக் கொட்டைகளால்தான்.

ஈரப்பலாவின் நிலை இதற்கு நேர்மாறானது. பரவலாகப் பயிராகும் வகைகள் பலவற்றில் விதையே இல்லை. வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பிரித்து மனிதர் நட்டால்தான் அவற்றுக்கு அடுத்த தலைமுறை உண்டு. பவுண்டி என்னும் பிரிட்டிஷ் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளைத் தொட்டிகளில் வைத்து, அரிய குடிநீரை ஊற்றிக் காத்து, பசிபிக் தீவான தாகித்தியிலிருந்து கரீபியன் தீவுகளை நோக்கிக் கொண்டுசென்றதற்கு இதுவே காரணம். 1789இல் மாலுமிகள் கலகம் செய்து அவற்றைக் கடலில் எறிந்தனர். இரண்டாம் பயணத்தில், 1793இல்தான் கன்றுகள் கரை சேர்ந்தன. விதையுள்ள மரமாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிராது. எனினும், வேர்க்கன்று சில ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கி மாவுச்சத்தை வாரி வழங்குவதை மறுக்க முடியாது. குளிரை மட்டும் அது தாங்காது.

அயினியைப் பழத்துக்காக நடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இம்மரம் 35 மீட்டர் வரையிலும் நெடிதுயரும். கைப்பிடியளவேயான பழங்கள் கிளை நுனிகளில், எட்டாத உயரத்தில் தொங்கும். அதன் பெருமை படகு கட்ட உதவும் உறுதியான மரத்தில்தான் இருக்கிறது.

விரைவில் உணவு வேண்டுமென்றால் ஈரப்பலாவையும், பலகைக்கும் காட்டுயிர்களுக்கும் என்றால் அயினியையும் நடலாம். ஒரே மரத்துக்குத்தான் இடமுண்டு என்றால் நான் பலாவையே நடுவேன். அதன் கொட்டை காய்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே, சுளையிலிருந்து எடுத்ததும் வழவழப்புப் போகக் கழுவி, மரம் நிற்கப்போகும் குழியிலேயே ஊன்றிவிட வேண்டும். அதன் ஆணிவேர் இடமாற்றத்தை எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.