வெளி ஹார்டு டிஸ்க்கா, நாஸ் பெட்டியா? ஒரு கணக்கு அலுவலகத்தின் அனுபவம்

கிருஷ்ணகிரியில் நாங்கள் நடத்தும் வரி ஆலோசனை அலுவலகத்தில், டேலி கணக்குகளையும் ஸ்கேன் செய்த ஆவணங்களையும் காப்புப் பிரதி எடுக்க, யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் போதுமா, எல்லாக் கணினிகளுக்கும் லேன் (அலுவலகக் கணினிகளை இணைக்கும் வலையமைப்பு) வழியாகப் பொதுவாக இருக்கும், டிஸ்குகள் அடங்கிய நாஸ் பெட்டி வேண்டுமா என்று யோசித்து, நாஸ் வாங்கினோம். விலை குறைவு என்பதில் யுஎஸ்பி டிஸ்க்கை எதுவும் மிஞ்சாது. ரௌட்டரின் யுஎஸ்பி துளையில் டிஸ்க்கைச் செருகிப் பகிரும் வழியும் உண்டு. ஆனால் பழைய ரௌட்டர்கள் பல, கோப்புகளைப் பகிரும் பழைய எஸ்எம்பி 1 முறையையே நம்பியிருப்பதால் அதை ஒதுக்கினோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாக்ரை 2017இல் பரவியது அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: டிஸ்க்கைத் தவறாமல் செருகுவது யார்? மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளின் கொள்முதல் பில்கள் கட்டுக்கட்டாக வந்து குவியும். தரவு மிக அதிகமாக மாறும் அந்த நாட்களில்தான் டிஸ்க் அலமாரியிலேயே கிடக்கும். நாஸுக்கு யாருடைய ஞாபகமும் தேவையில்லை. டேலி திறந்திருக்கும்போது எடுக்கும் பிரதியை நம்ப முடியாது என்பதால், எல்லோரும் டேலியை மூடிவிட்டுச் சாப்பிடப் போகும் நேரத்தில் அது தானாக நடக்கும்படி அமைத்திருக்கிறோம். மறுநாள் காலை நாஸின் பதிவேட்டைத் திறந்தால், எந்தக் கணினி விடுபட்டது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நாஸ் வாங்குவோர், கணினிகளை லேனில் இணைக்கும் ஸ்விட்ச்சையும் பார்க்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சில் ஒரு டெராபைட் நகர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கிகாபிட்டில் அதுவே சுமார் இரண்டரை மணி நேரம். யுபிஎஸ் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மின்சாரம் போனால் பெட்டி தானாகவே முறைப்படி அணைய, யுபிஎஸ்ஸையும் அதையும் யுஎஸ்பி கேபிளால் இணைப்பது அவசியம். பெட்டி வாங்கி அதிக காலம் ஆகாததால், உள்ளிருக்கும் டிஸ்குகளின் ஆயுளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்குகள் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுவதைக் காப்புப் பிரதி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும். கணினியில் புகுந்த ரான்சம்வேர் பகிர்ந்த கோப்புறையையும் பூட்டிவிடலாம். அதனால் பிரதிக் கோப்புறையில் எழுதுவதற்கென்றே தனிப் பயனர் கணக்கு வைத்திருக்கிறோம். தாக்கல் முடிந்ததும் மாதம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்து, இணைப்பைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறோம். ஒரே மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அந்த டிஸ்க்கே போதும்.