திறந்த வேகப்படகுக்கு ஹெட்செட் வாங்குகிறீர்களா? "வாட்டர்ப்ரூஃப்" என்றால் எந்தப் பாகம் என்று முதலில் கேளுங்கள்

கூரையும் முன்கண்ணாடியும் இல்லாத வேகப்படகில் ஒருவரோடொருவர் பேச ஹெட்செட் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். படகுச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனம் நான்கு பேருக்கான செட் ஒன்றை எங்களுக்கு விற்றது. ஒரு பருவம்கூட அது தாங்கவில்லை. தாங்கிய நாட்களிலும் வேலைக்கு ஆகவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாமலே இந்த மாதிரி வியாபாரத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம். விற்கும்போது அவர்கள் சொன்னதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் செட்டின் ஏதோ ஒரு பாகத்துக்கு உண்மை. மொத்தச் செட்டுக்கு ஒன்றுகூட உண்மை இல்லை.

நாங்கள் மொட்டையாகக் கேட்கவில்லை. மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். திறந்த படகு, பின்னால் இரண்டு அவுட்போர்டு என்ஜின், வேகம் 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டும். படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவோடு இணைய வேண்டும். வந்த பதில்: "இது உங்கள் வேலைக்கென்றே செய்தது. ஐபி67 வாட்டர்ப்ரூஃப், நாய்ஸ் கேன்சலிங், ஒரு கிலோமீட்டர் வரை கம்பியில்லாமல் பேசலாம்." ஷோரூமில் போட்டும் காட்டினார்கள். ஏசி ஓடும் அமைதியான அறையில், குரல் கண்ணாடி மாதிரி கேட்டது.

துறைமுகத்துக்குள் மெதுவாகப் போகும்வரை அதே தெளிவுதான். வேகம் ஏறியதும் கதை மாறியது. அந்தச் செட்டில் பேசுவதற்கு அழுத்தும் பொத்தான் கிடையாது. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மைக் தானாகத் திறந்துகொள்ளும். வாக்ஸ் என்பார்கள். அலுவலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அது நல்ல ஏற்பாடு. திறந்த படகில் காற்றே அந்த அளவைத் தாண்டிவிடும். ஓட்டுபவரின் மைக் காற்றில் திறந்தால் நான்கு பேர் காதிலும் இரைச்சல் கொட்டும், பேச்சு அதற்குள் மூழ்கிவிடும். சரி என்று அளவைக் கூட்டி வைத்தோம். இப்போது மைக் திறக்கத் தாமதமாகி ஒவ்வொரு பேச்சின் முதல் சொல்லையும் விழுங்கியது. முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இடது பக்கம் கட்டை மிதக்குது" என்று கத்தினார். ஓட்டுபவர் காதில் விழுந்தது "பக்கம் கட்டை மிதக்குது" மட்டும்தான். அவர் உடனே வேகத்தைக் குறைத்ததால் தப்பித்தோம். எந்தப் பக்கம் என்று சொல்வதற்காகத்தானே அந்தக் கருவியையே வாங்கினோம்?

அடுத்து அந்த "நாய்ஸ் கேன்சலிங்". இந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று காதுக்கானது. வெளிச் சத்தத்தை ஒரு சின்ன மைக் கேட்டு, அதற்கு எதிரான அலையை காதுக்குள் ஒலிக்கவைக்கும். என்ஜினின் சீரான தாழ்ந்த உறுமலுக்கு அது நன்றாக எடுபடும். காற்று அப்படிச் சீரானது இல்லை, சுழன்று சுழன்று அடிப்பது. அது அந்த வெளி மைக்கிலேயே மோதும்போது புதிதாக ஒரு தட்டும் சத்தம் உண்டாகிறது. எங்கள் செட்டில் அந்த வசதியை அணைத்தபோதுதான் காதுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. இன்னொன்று பேசும் மைக்குக்கானது. அதற்கு முன்னும் பின்னும் துளைகள் இருக்கும். தொலைவிலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக நுழைந்து அடிபட்டுப்போகும். உதட்டருகே இருந்து வருவது முன்பக்கம் பலமாக விழுவதால் அது மட்டும் மிஞ்சும். இது வேலை செய்ய வேண்டுமானால் மைக் உதட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள். இரண்டு விரல் தள்ளிப் போனாலே பலன் போய்விடும். பக்கம் மாற்றித் திருப்பிவிட்டால் உங்கள் குரலையே அடித்துவிடும். அதனால்தான் நல்ல மைக்குகளில் உதட்டுப் பக்கத்துக்கு ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். எங்களுக்கு வந்த செட்டில் மைக் தண்டு கன்னத்தோடு நின்றுவிட்டது. வளைத்தாலும் வாயோரம்கூட எட்டவில்லை. அவர்கள் அழுத்திச் சொன்ன கேன்சலிங் முழுக்கக் காதுக்கானது. நாங்கள் எழுதிக் கேட்டது மைக்குக்கானது.

மைக்கின் மேல் இருந்த பஞ்சு இன்னொரு தலைவலி. மெல்லிசாக, வேர்க்கடலை அளவில் ஒன்று. ஒரு சாரல் அடித்ததும் ஊறிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது, குரல் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. உதறி மாட்ட மாற்றுப் பஞ்சு பெட்டியில் இல்லை. தனியாகவும் அவர்களிடம் கிடைக்கவில்லை.

இனி ஐபி எண். இதில்தான் ஏமாற்று வேலை. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஐபி67. உள்ளே இருந்த கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் இரண்டு வரிகள்: இடுப்புப் பெட்டி ஐபி67, ஹெட்செட் ஐபிஎக்ஸ்4. அதாவது இடுப்பில் மாட்டி மழைக்கோட்டுக்குள் பத்திரமாக இருக்கும் பெட்டிக்குத்தான் அந்த 67. அலை வந்து அறையும் தலைக்கு வெறும் 4.

இந்த எண்கள் ஐஈசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையில் வருபவை. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்றால் அந்த இலக்கம் குறிப்பிடப்படவில்லை என்று பொருள். தண்ணீருக்கான இலக்கம் 4 என்றால் எந்தத் திசையிலிருந்து தெறித்தாலும் தாங்கும், அவ்வளவுதான். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சிச் சோதிப்பார்கள். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் முனை, நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அசையாமல் மூழ்கிக் கிடப்பது. பெரிய எண் சின்ன எண்ணையும் உள்ளடக்கியது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூழ்கும் சோதனைக்கு அது பொருந்தாது. 7 வாங்கிய கருவி 5, 6 சோதனைகளில் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேறியிருந்தால் இரண்டையும் சேர்த்து அச்சிடுவார்கள். 35 நாட் வேகத்தில் அலைமுகடு உடைந்து வரும் தண்ணீர் பீய்ச்சும் ரகம், மூழ்கும் ரகம் இல்லை. இன்னொன்று, இந்தத் தண்ணீர்ச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்பு அரிக்குமா, அரிக்காதா என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது.

எங்கள் ஹெட்செட்டை முடித்தது அந்த உப்புதான். சார்ஜ் துளையை மூடியிருந்த ரப்பர் மூடி நகத்தளவுதான் இருக்கும். அதன் ஓரத்தில் முதலில் வெள்ளையாகப் பூத்தது. நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, திரும்பத் திறந்து பார்த்தபோது உள்ளே பித்தளை நிறத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதில் இரண்டு பாதி கரைந்தே போயிருந்தன. உப்பு ஈரம் மிச்சமிருக்கும் துளையில் சார்ஜரைச் செருகினால் மின்சாரம் ஓடி உலோகத்தைத் தின்றுவிடும். கடலுக்கென்றே செய்பவர்கள் வெளித்தெரியும் துளையே வைக்கமாட்டார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் செய்ய வைப்பார்கள். கம்பி உள்ள செட்டாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியா என்று கேளுங்கள். வெறும் செம்பு என்றால் ஈரம் உறைக்குள் ஊர்ந்து போய்க் கம்பியைக் கறுப்பாக்கிவிடும்.

ஒரு கிலோமீட்டர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர்கூட வராத படகில் எனக்கு எதற்கு ஒரு கிலோமீட்டர்? நான் கேட்டது, பின்னால் குனிந்து கயிறு எடுப்பவருக்கும் குரல் அறுந்துபோகக் கூடாது என்பது. அந்தச் செட் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த அலையை மனித உடம்பும் தண்ணீரும் நன்றாக உறிஞ்சும். அறைக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து காப்பாற்றிவிடும். நடுக்கடலில் அப்படிச் சுவரும் கூரையும் இல்லை, நடுவில் ஆள் மறைத்தால் தொடர்பு போய்விடும். ஷோரூம் சோதனையில் இது தெரிய வாய்ப்பே இல்லை. வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிகளில் இருக்கும் 1.9 கிகாஹெர்ட்ஸ் டெக்ட் வகை பேச்சுக்கென்றே உருவானது, ஒரே நேரத்தில் இருபக்கமும் பேசலாம். ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 1920 முதல் 1930. நீங்கள் ஓட்டும் கடலில் எது அனுமதி என்று பார்த்து வாங்குங்கள்.

விஎச்எஃப் இணைப்பு என்று சொன்னார்களே, அதற்கான அடாப்டர் "பின்னால் வரும்" என்றார்கள். பல முறை கேட்ட பிறகு வந்தது ஓர் ஒலிக்கம்பி. ஆபத்து அழைப்புக்கான சேனல் 16இல் வருவதைக் கேட்கலாம், பதில் பேச முடியாது. ஆபத்து நேரத்தில் காதிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கைமைக்கைத் தேட வேண்டும். இரண்டு காதையும் இறுக்கி மூடுவதே யோசிக்க வேண்டிய விஷயம். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது விதி, கண்ணாலும் காதாலும் கவனித்திருக்க வேண்டும் என்கிறது. வெளிச்சத்தத்தை அளவாக உள்ளே விடும் வசதி இல்லாவிட்டால் பக்கத்துப் படகின் ஹாரன் காதில் விழாது. மறுபக்கம், காதைக் காப்பாற்றவும் வேண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். காற்றை மிஞ்ச வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் காதுக்கு வைக்க வேண்டிய காப்பே காதைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் எழுதித் திருப்பி அனுப்பினோம். வந்த பதில்: உள்ளே ஈரம் காட்டும் பட்டை சிவந்துவிட்டது, தண்ணீரால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது. வாட்டர்ப்ரூஃப் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பதில் இது. அவர்களுடைய மின்னஞ்சலையே திருப்பிக் காட்டினோம். உடனே வாரண்டித் தாளில் ஒரு வரியைக் காட்டினார்கள்: கடல் சூழலில் உபயோகித்தால் செல்லாது. விற்ற நிறுவனம் படகுச் சாதன நிறுவனம். கேட்டது கடலுக்கு என்று எழுத்தில் இருக்கிறது. "அந்த விற்பனையாளர் இப்போது எங்களிடம் இல்லை" என்பது கடைசிப் பதில்.

இதற்கிடையில் இரண்டு ஹெட்செட்டுகளை "மாற்றிக் கொடுத்தார்கள்". புது வரிசை எண், புது ஸ்டிக்கர். காது மூடியைக் கழற்றிப் பார்த்தால், எங்கள் ஆட்கள் யாருடையது என்று தெரிவதற்காக உள்பக்கம் மார்க்கரில் எழுதிய முதலெழுத்து அப்படியே இருந்தது. எங்கள் பழைய ஹெட்செட்டைத் துடைத்து, எண்ணை மாற்றி, புதியது என்று எங்களுக்கே அனுப்பியிருக்கிறார்கள். சேவை மோசம் என்று இதைச் சொல்ல முடியாது, இது மோசடி. ஆபத்தில் உயிரைக் காக்க வேண்டிய கருவியில் இப்படிச் செய்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது வேறொருவரிடம் வாங்கியிருப்பது கம்பி உள்ள செட். ஒவ்வோர் இருக்கைக்கும் பேசும் பொத்தான், உதட்டில் ஒட்டும் நீளமான மைக் தண்டு, பிடரியைச் சுற்றிப் போகும் பட்டை. தலைக்கு மேலே போகும் பட்டையை எதிர்க்காற்று தூக்கிவிடுகிறது, தொப்பியும் போட முடியாது. கம்பியின் நடுவே காந்த இணைப்பு இருக்கிறது. யாராவது தண்ணீரில் விழுந்தால் அது கழன்றுகொள்ள வேண்டும், ஆளைப் படகோடு கட்டி இழுக்கக் கூடாது. ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றோடும் லைஃப் ஜாக்கெட்டோடும் கம்பி சிக்குகிறதா என்று ஓடாத படகில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டோம். பணம் கட்டும் முன் ஒரு செட்டை எங்கள் படகில், எங்கள் வேகத்தில், காற்றுக்கு எதிராக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கண்ணாடி அணிபவர் உங்களில் இருந்தால் அவரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் காம்பு காது மூடியைத் தூக்கி, அந்த இடுக்கு வழியாகவே சத்தம் நுழையும்.

எங்கள் புகார் இன்னும் முடியவில்லை. மின்னஞ்சல்கள், கையேட்டின் அந்தப் பக்கம், மார்க்கர் எழுத்தோடு காது மூடியின் படம், கூரியர் உறை எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். முகப்பில் ஒரே ஓர் ஐபி எண் போட்ட செட் உங்களிடம் இருந்தால், அட்டவணைப் பக்கத்தில் ஹெட்செட்டுக்கு என்ன எண் என்று இன்றே பாருங்கள். வாரண்டிக்கு அனுப்புவதாக இருந்தால், அனுப்பும் முன் காது மூடிக்குள் ஓர் அடையாளம் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.